உழவு இயந்திரங்களுக்கு நடுவே என் மஸ்டா: பரந்தன் பக்கத்து லேத் பட்டறை

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் எப்போதும் ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்), கழற்றிப் போட்ட இரும்புச் சில்லுகள், உடைந்த கலப்பைக் கொழு, சூடு அடிக்கும் மெசினின் புல்லி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஒருவர் இந்த வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே போகமாட்டார். நானும் முதலில் போனது காருக்காக இல்லை, அப்பாவின் தண்ணீர்ப் பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது என்று. அது கடைந்து முடியும்வரை நின்று பார்த்தேன். வேர்ணியரை வைத்து அளந்து, கொஞ்சம் சீவி, திரும்ப அளந்து, ஒரு மயிரிழைக்காக மூன்றாம் முறையும் அளந்தார்கள். அடுத்த கிழமையே என் காரின் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன்.

கார் 1990 ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லீற்றர், ஜப்பானில் யூனோஸ் றோட்ஸ்டர் என்று விற்றது. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை, பின்சில்லு இழுவை, நாலு சில்லுக்கும் டபிள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும். வீட்டில் வைத்துச் செய்வதற்கு இதைவிட நல்ல கார் கிடையாது, எல்லாம் கைக்கு எட்டும், சாதாரண சாவி செற்றே பெரும்பாலும் போதும். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2022 இல் ரூபாயும் விழுந்த பிறகு ஒவ்வொரு சாமானும் யோசித்து வாங்க வேண்டியதாகிவிட்டது. புதிதாக வாங்க வேண்டியது எது, இருப்பதைக் காப்பாற்றக் கூடியது எது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எனக்கு அந்த ஆள் இந்தப் பட்டறை அண்ணைதான்.

அவர் தொழில் பழகியது யுத்தத்தின்போது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை, மோட்டார் சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோலில் உதைத்து ஸ்ராட் ஆக்கி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம். இல்லாத சாமானைச் செய்தே ஆகவேண்டும் என்று பழகிய கை அது.

முதலில் செய்துதந்தது காருக்குக் கீழே வைக்கிற ஸ்ராண்ட். வீட்டிலே வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கடையில் விற்கிற ஸ்ராண்டுக்கு நாலு மெல்லிய கால், சீமெந்துத் தரையை நினைத்துச் செய்தது. எங்கள் முற்றம் மண். மழை பெய்த மறுநாள் ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கி நின்றதைப் பார்த்தபோது நான் காருக்குக் கீழே இல்லை, அவ்வளவுதான். அண்ணை நாலு ஸ்ராண்டுக்கும் அடியில் ஒரு அடிச் சதுர இரும்புத் தகடு வைத்து ஒட்டி, ஓரத்தை மேல்நோக்கி மடித்தும் தந்தார், மண்ணில் வெட்டாமல் இருக்க. இப்போது முற்றத்தில் ஆடாமல் நிற்கிறது. சீமெந்துக் கல்லின் மேல் காரை ஏற்றிவிட்டுக் கீழே போகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது, தயவுசெய்து விடுங்கள், அந்தக் கல் வெடித்தால் ஒருவர் கத்துவதற்கும் நேரம் இருக்காது.

பிறகுதான் பெரிய வேலை, சஸ்பென்ஷன் புஷ், சில்லைப் பிடிக்கிற ஆர்ம்களின் மூட்டில் இருக்கிற இறப்பர் உருளைகள். முப்பது வருடத்துக்கு மேலான இறப்பர், கிறவல் வீதியில் ஓடி ஓடி வெடித்துப்போயிருந்தது. இறப்பருக்குப் பதில் பொலியூறித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளில் செய்த புஷ் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் இறப்பரே எடுத்தேன், புழுதியில் கிறீஸ் காய்ந்தால் பொலியூறித்தேன் கத்தும், எங்கள் வீதிக்கு அது கடினமும் கூட. ஆர்ம்களைக் கழற்றுவதற்கு முன், கீழ் ஆர்மில் உள்ள கேம் போல்ட்டுகள் (திருப்பினால் ஆர்மை நகர்த்துகிற போல்ட்டுகள்) நின்ற இடத்தை வெட்டிரும்பால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன், சில்லு நிற்கும் கோணம், அதாவது அலைன்மென்ற், அதில்தான் இருக்கிறது.

பட்டறையில் உழவு இயந்திர பெயரிங் கழற்றுகிற பெரிய ஹைட்ரோலிக் பிறஸ் இருக்கிறது. இந்தக் காரின் ஆர்ம் தகட்டை வளைத்துச் செய்தது, புஷ் உட்காருகிற இரண்டு காதுக்கும் இடையில் வெறுமை, அப்படியே பிறஸில் வைத்து அமுக்கினால் காது உள்ளே மடிந்துவிடும். இதை நான் சொல்வதற்கு முன்னமே அண்ணை ஆர்மைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பைப் துண்டைத் தேடி எடுத்து, நடுவெளியின் அளவுக்குச் சரியாகக் கடைந்து, நீளவாக்கில் பாதியாக வெட்டி உள்ளே தாங்கு கொடுத்தார். இன்னொரு பைப்பைக் கோப்பை மாதிரிக் கடைந்து கீழே வைத்தார், பழைய புஷ் அதற்குள் விழுந்தது. புதிய புஷ்களை முதல்நாள் இரவு ஐஸ்பெட்டியில் போட்டு வைக்கச் சொன்னது அவர், ஆர்மை வெயிலில் வைத்ததும் அவர். ஒரே ஒரு புஷ் சற்றுச் சரிந்து இறங்கியது, அதைத் தானே கண்டுபிடித்துத் திரும்ப எடுத்துப் போட்டார், அதற்குக் காசு கேட்கவில்லை.

பின்சில்லுக் கீழ் ஆர்மின் நீள போல்ட் இந்தக் காருக்கு ஒரு தீராத வியாதி, உள்ளே இருக்கிற குழாயோடு துருப்பிடித்து இறுகிவிடும். எனக்கும் ஒன்று இறுகி, டீசலில் ஊறவைத்தும் அசையாமல், கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். அதே நீளத்தில் ஒன்று கடைந்து தாருங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்றார்.

“இது மாட்டு வண்டில் கடையாணி இல்லைத் தம்பி. கடையிறது பெரிய வேலை இல்லை, இந்த ஆணிக்குரிய இரும்பு என்னட்டை இல்லை. கொழும்பிலை இருந்து எடுப்பியுங்கோ.”

மூன்று கிழமை கார் ஸ்ராண்டில் நின்றது. கையில் வந்த காசை வேண்டாம் என்று சொன்ன அந்த நிமிடத்தில் இருந்துதான் நான் இவரை முழுதாக நம்புகிறேன். (புஷ் போட்ட பிறகு போல்ட்டுகளைக் கார் தன் சில்லில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் காரை இறக்கியதும் இறப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும்.)

மூன்றாவது வேலை அலோய் றிம்முக்கு வளையம். நான் வாங்கிய றிம்மின் நடு ஓட்டை 67.1 மில்லிமீற்றர், மஸ்டாவின் ஹப், அதாவது சில்லு பூட்டுகிற அச்சின் நடு மேடு, 54.1. நட் இறுக்கும்போது சில்லு நடுவில் உட்காராததால் ஆனையிறவு நேர்வீதியில் 70 ஐத் தொட்டாலே ஸ்டியரிங் நடுங்கும். சில்லு பலன்ஸ் இரண்டு தரம் செய்தும் பயன் இல்லை. அண்ணை அலுமினியத் துண்டொன்றில் இருந்து நாலு வளையம் கடைந்தார், சுவர் 6.5 மில்லிமீற்றர், உள் ஓரத்தில் சிறு சரிவு வைத்து. ஹப்பில் விரலால் தள்ளினால் “சக்” என்று போய் உட்கார்ந்தது, இழுத்தால்தான் வந்தது. நாலுக்கும் 6,000 ரூபாய். நட்டுகளை டோர்க் றெஞ்சால் 110 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன், கையேட்டில் 88 இலிருந்து 118 வரை. நடுக்கம் போய்விட்டது.

பிறேக் தட்டும் சீவித் தருவார்கள், ஆனால் எந்தத் தடிப்புக்குக் கீழே சீவக்கூடாது என்பது தட்டிலேயே அடித்திருக்கும், அதை நீங்களே பார்த்துக்கொண்டு போங்கள்.

குறைகளும் உண்டு. விலைப்பட்டியல் இல்லை, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கரண்ட் நின்றால் வேலை நின்றது. காலபோக உழவு தொடங்குகிற புரட்டாசி, ஐப்பசியிலும் அறுவடை நேரத்திலும் உங்கள் சாமான் மூலையில்தான் கிடக்கும், உழவு இயந்திரம் நின்றால் ஒரு குடும்பத்தின் வயல் நிற்கும், அதனால் எனக்கு அதில் கோபம் வரவில்லை. காரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர நினைக்காதீர்கள், அவர்கள் கார் கழற்றுவதில்லை. நீங்களே கழற்றி, கழுவி, மண்ணும் கிறீஸும் இல்லாமல், அளவை எழுதிக்கொண்டு போங்கள். ஊத்தையோடு வந்த சாமானை ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது ஒயில் சம்புக்கு (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற தட்டு) கீழே ஒரு காப்புத் தகடு கேட்டிருக்கிறேன், வாய்க்கால் மதகுகளில் இடிபடாமல் இருக்க. காட்போட்டில் அச்சு வெட்டிக் கொடுத்தாயிற்று. ஒயில் கழற்றுகிற துளைக்கு இடம் விடவில்லை என்று அண்ணை அதைத் திருப்பித் தந்து, பென்சிலால் ஒரு வட்டமும் போட்டுவிட்டார். அறுவடை முடிய வரச் சொன்னார்.