தெருவுக்குக் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வளசரவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு நாங்களே காசு போட்டு மாட்டிய கேமரா செட் எப்படி இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் கேட்கிறார்கள். 2 மெகாபிக்சல் புல்லட் கேமரா (நீளக் குழாய் வடிவத்தில் இருப்பது) நான்கு, படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் ஒன்று, 1 டிபி ஹார்டு டிஸ்க், சின்ன யுபிஎஸ். எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியது, மாட்டும் கூலியோடு முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. பொருளில் குறை இல்லை, கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள்தான். ஆனால் இதை மாட்டிவிட்டால் இனி தெருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பகலில் படம் அருமை. முனைக் கடை வாசலில் நிற்பவரின் முகம் மட்டுமல்ல, கையில் இருக்கும் பையில் அச்சடித்த ஜவுளிக்கடைப் பெயர்கூடப் படிக்க முடிகிறது. ராத்திரியில்தான் சிக்கல். ஆள் நடமாட்டம் தெரியும், ஆனால் பைக் எதிரே வந்தால் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். "நைட்ல நம்பர்கூட க்ளியரா வரும் சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். வராது. நம்பர் பிளேட்டுக்கென்றே தனிக் கேமரா, தாழ்வான உயரத்தில், சரியான கோணத்தில் வேண்டும்.

அப்புறம் ஒட்டடை. இருட்டில் படம் தெரியக் கேமராவிலேயே இருக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு இழை ஆடினால் போதும், ராத்திரிப் படம் முழுக்கத் தாம்புக் கயிறு மாதிரி அதுதான் தெரியும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் மாடி வீட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் நீளக் குச்சியில் துணி கட்டி மாதாமாதம் துடைக்கிறான், யாரும் ஏவாமலேயே. டிவிஆர் இருக்கும் வீட்டு மாமா ஞாயிற்றுக்கிழமை தேதியும் நேரமும் சரியாக ஓடுகிறதா, பதிவாகிறதா என்று பார்த்துவிடுவார். நேரம் இருபது நிமிஷம் தள்ளி ஓடினால் எந்தப் பதிவைத் தேடி எடுப்பது? நான்கு கேமராவும் இடைவிடாமல் ஓடினால் 1 டிபியில் பத்துப் பதினோரு நாள்தான் தங்கும், அதற்குமேல் பழையது அழிந்துகொண்டே வரும். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்து திருட்டு என்று சொன்னால் கையில் ஒன்றும் இருக்காது.

சென்னை போலீஸ் 2017 வாக்கில் 'மூன்றாவது கண்' என்று ஆரம்பித்தபோது ஐம்பது மீட்டருக்கு ஒரு கேமரா என்பதுதான் பேச்சு, கடைக்காரர்களும் தெருக்காரர்களும் தங்கள் காசில் மாட்டினார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பார்த்தவரை, அவற்றில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டவை இன்றும் ஓடுகின்றன, மற்றவை கம்பத்தில் சும்மா தொங்குகின்றன. கேமராக்களைப் பற்றிய நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த அலசலும், ஆள் உட்கார்ந்து கவனிக்கிற இடத்திலும் வேறு ஏற்பாடுகளோடு சேர்ந்த இடத்திலும்தான் குற்றம் நன்றாகக் குறைகிறது என்கிறது. எங்களுக்கு அந்த வேறு ஏற்பாடு என்றால் எரியும் தெருவிளக்கு, பகல் முழுக்க முனையில் நிற்கும் இஸ்திரி வண்டிக்காரர், பூட்டிய வீட்டின் வாசலில் பால் பாக்கெட் கிடந்தால் எடுத்து வைத்துவிட்டுப் போன் செய்யும் எதிர்வீட்டு அக்கா. செயின் பறிக்க வருகிறவன் கேமராவுக்குப் பயப்படுவதைவிட "யாருங்க, யார் வீட்டுக்கு?" என்ற கேள்விக்குத்தான் அதிகம் பயப்படுவான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அந்தக் கேள்வியோடு நிறுத்த வேண்டும். தெரியாத முகம் தென்பட்டால் உடனே படத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் "உஷார்" என்று போடுவதை எங்கள் குழுவில் தடுத்துவிட்டோம். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தை, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காகப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி உயிரே போனது. வாட்ஸ்அப் வதந்தி செய்த வேலை அது. சந்தேகம் என்றால் 100 அல்லது 112, அவ்வளவுதான். பதிவை போலீஸ் கேட்டால் எடுத்துக் கொடுங்கள். அதைக் கோர்ட்டில் காட்ட, 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும், அதனால் கருவிக்குப் பொறுப்பானவர் யார் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். டிவிஆரோடு வரும் பாஸ்வேர்டை மாட்டிய அன்றே மாற்றச் சொல்லுங்கள், 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது மாற்றாமல் விட்ட கேமரா, டிவிஆர் பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். சர்வீசுக்கு எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எங்களுக்கு ஒரு கேமரா மழையில் போனபோது மாட்டியவர் போனையே எடுக்கவில்லை.