உடைந்த ஃபின் முழுசாகத் திரும்பி வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்

பழைய வண்டியை, அதிலும் டூ ஸ்ட்ரோக் வண்டியை, யாரிடமாவது ட்யூனிங்குக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கொடுப்பதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது யமஹா ஆர்டி 350. போனது இரண்டரை மாதச் சம்பளம், ஐந்து மாத அலைச்சல், ஒரு ஜோடி சிலிண்டர், ஒரு ஜோடி சைலன்சர். வேலை செய்தவரின் பெயரைப் போடவில்லை, போட்டால் அவர் நல்லவரா கெட்டவரா என்றுதான் சண்டை நடக்கும், நான் சொல்ல வந்தது அமுங்கிவிடும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1973-இல் வந்த மாடல், 347 சிசி, இரட்டை சிலிண்டர், ரீட் வால்வு, ஆறு கியர். தொழிற்சாலை கணக்கில் 39 குதிரைத்திறன், அந்தக் காலத்து 350-க்கு அது பெரிய விஷயம். என்னிடம் வந்தபோது பெயிண்ட் போயிருந்தது, வயரிங் சிலந்திக்கூடு மாதிரி இருந்தது, ஆனால் எஞ்சின் யாரும் கை வைக்காத எஞ்சின். நானே ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் எதுவும் இல்லை, வெர்னியர் வைத்ததில் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 64 மில்லிமீட்டர், தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு அளவு. தேய்ந்தால் துளையைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவதைத்தான் போர் போடுவது என்பார்கள், எவ்வளவு பெரிது என்பதுதான் பிஸ்டன் தலையில் இருக்கும் ஓவர்சைஸ் எண். இந்த வண்டியில் 0.25 மில்லிமீட்டர் வீதம் நான்கு தடவை போர் போடலாம், 65.00-இல் கணக்கு முடிந்தது. நான்கு தடவையும் மிச்சம் இருக்கும் ஒரு ஜோடி சிலிண்டர் இன்றைக்குக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடது சிலிண்டரில் ஒரே ஒரு குறை. சூடு தணிய சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்குமே, அதுதான் ஃபின். கீழிருந்து மூன்றாவது ஃபின்னின் ஓரம், நகம் அளவுக்கு உடைந்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மாளு பேச்சில் கெட்டிக்காரர். போன உடனே, சைலன்சருக்குப் பதிலாக மாட்டும் கூம்பு வடிவப் புகைக்குழாயான எக்ஸ்பான்ஷன் சேம்பர் எப்படி வேலை செய்கிறது என்று தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். வாயு விரியும் கூம்புக்குள் போகும்போது உறிஞ்சும் அலை திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்கிறது, அப்புறம் குறுகும் கூம்பில் மோதி வரும் அழுத்த அலை, வெளியே தப்பி ஓடப் பார்த்த புதுக் கலவையை, புகை வெளியேறும் வாசலான போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் 1950-களில் இதை எப்படி மெருகேற்றினார், 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அணியை விட்டுத் தப்பிப்போய், மறு வருஷமே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தது எப்படி என்று எல்லாம் சொன்னார். அவ்வளவும் உண்மைதான். கதை தெரிந்தவருக்குக் கைவேலையும் தெரியும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன், அது என் தப்பு.

பேசி முடித்தது இதுதான்: இரண்டு சிலிண்டருக்கும் 0.25 போர், புது பிஸ்டன், க்ராங்க் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் இரண்டு பக்கமும் புதிது, கையால் செய்த சேம்பர் ஒரு ஜோடி, கார்புரேட்டரில் நேராக மாட்டும் பாட் ஃபில்டர் என்ற காற்று வடிகட்டி, அதற்கேற்ற ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள குட்டித் திருகு). மூன்று வாரம் என்றார். வண்டி வந்தது ஐந்தாவது மாதக் கடைசியில். நடுவில் எத்தனை முறை போன் செய்தேன் என்று எழுதினால் உங்களுக்குத்தான் போர் அடிக்கும். "நல்ல வேலைக்கு நேரம் ஆகும் தம்பி, அவசரப்படுத்தினா எஞ்சின் கோவிச்சுக்கும்" என்பார். அதையும் ரசித்திருக்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வண்டி திரும்பி வந்த அன்று முதலில் கண்ணில் பட்டது அந்த ஃபின். முழுசாக இருந்தது. வெல்டிங் வைத்த தடமே தெரியவில்லை. கேட்காமலே சரி செய்து கொடுத்திருக்கிறாரே, இப்படி ஒரு மனுஷனா என்று நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லி மெசேஜ்கூட அனுப்பினேன். அவர் கை கூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினார்.

"பழைய சைலன்சர், பழைய பிஸ்டன் எல்லாம் எங்கே அண்ணே?"

"அதெல்லாம் துரு, பழைய இரும்புக்குப் போட்டாச்சு. உனக்கு எதுக்கு அந்தக் குப்பை?"

சரி என்று விட்டுவிட்டேன்.

இருநூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மூன்றாவது கியர், பாதி த்ராட்டில்கூட இல்லை, திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி பின்சக்கரம் கீச்சென்று நின்றது, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி எஞ்சின் ஜாம். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள், அந்தப் பழக்கம் இருந்ததால் பல் தப்பியது. பிளக்கைக் கழற்றினேன். வலது பக்கம் காப்பிப்பொடி நிறம், அது சரியான நிறம். இடது பக்கம் அளவுக்கு மீறிச் சூடானதைக் காட்டும் சுண்ணாம்பு வெள்ளை, அதன் மேல் குட்டிக் குட்டியாக அலுமினியப் பொட்டுகள்.

அவருக்குப் போன் செய்தேன். ஆயில் சரியில்லை என்றார், அப்புறம் ரன்னிங்-இன் ஒழுங்காகச் செய்யவில்லை என்றார், கடைசியில் "முறுக்கியிருப்ப" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் தெரிந்தது: 1.00. பில்லில் 0.25. நான் போன தடவை பார்க்கும்போது எண்ணே இல்லை. கை கொஞ்சம் நடுங்கியது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் போனேன். அவர் பேசவே மாட்டார். போர் கேஜை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்து மறுபடி பார்த்தார், அப்புறம் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, "இது உன் சிலிண்டர்தானா?" என்று கேட்டார். ஆமாம், இந்த ஃபின் உடைந்திருந்தது, வெல்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்த ஃபின்னை நகத்தால் சுரண்டிவிட்டு என்னைப் பார்த்தார். "வார்ப்புத் தோல் அப்படியே இருக்கு. இந்த ஃபின் எந்தக் காலத்துலயும் உடையல தம்பி."

அப்போதுதான் விளங்கியது. வேறு யாருடைய வண்டியிலோ கடைசி போர் வரை தின்று தீர்த்த சிலிண்டரை மணலடித்து, பெயிண்ட் அடித்து என் வண்டியில் மாட்டிவிட்டு, என் ஸ்டாண்டர்டு சிலிண்டரை எடுத்துக்கொண்டிருக்கிறார். எஞ்சின் எண் இருப்பது க்ராங்க்கேஸில். சிலிண்டரிலோ கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ இது இந்த வண்டியுடையது என்று சொல்ல எந்த எண்ணும் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் என் வண்டி என் வண்டிதான்.

நாம் எல்லோரும் பயப்படுவது போலிப் பொருளை நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்று. அதுவும் நடந்தது, கீழே சொல்கிறேன். ஆனால் பழைய வண்டித் தொழிலில் பெரிய கொள்ளை அங்கே இல்லை. எனக்கு விற்றதில் அவருக்குக் கிடைத்ததைவிட என்னிடமிருந்து கழற்றியதில் கிடைத்தது அதிகம். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரிஜினல் பாகத்துக்கு ஈடு கிடையாது என்று நமக்கு எவ்வளவு தெரியுமோ அதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "குப்பை" என்று அவர் சொன்னதெல்லாம் தனக்கு வேண்டிய சாமான்.

ஜாம் ஆனதற்குக் காரணம் தேடியதில் ஒன்றல்ல, மூன்று கிடைத்தன. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி ஆறு நிமிடம் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அரைமணி நேர வேலை, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வேலை முடிந்து வந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும், நான் செய்யவில்லை. என் எஞ்சினில் முள் நிற்கவே இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்ததும் இடது பக்கம் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் நுரை பொங்கியது. புதிது என்று பணம் வாங்கிய ஆயில் சீல், பிளாஸ்டிக் வளையம் மாதிரி கெட்டியாகி உதடு வெடித்துக் கிடந்தது. அந்த வழியாகக் காற்றை உறிஞ்சி, இடது சிலிண்டருக்குப் போன கலவையில் பெட்ரோல் குறைந்து, பெட்ரோலோடு வரும் குளிர்ச்சியும் குறைந்து சூடு ஏறியிருக்கிறது.

அடுத்தது சேம்பர். வெளியே பார்த்தால் வெல்டிங் தையல் போட்ட மாதிரி அழகு. நூல் பிடித்து நடுக்கோட்டில் அளந்தால் இடது பைப் வலதைவிட கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் குட்டை. அலை போய்த் திரும்பும் நேரம் பைப்பின் நீளத்தைப் பொறுத்தது, குட்டையானால் சக்தி வருவதும் அதிக ஆர்பிஎம்முக்குத் தள்ளிப்போகும். ஆக ஒரே எஞ்சினில் இரண்டு சிலிண்டரும் வேறு வேறு ஆர்பிஎம்மில் முழிக்கின்றன, அதுதான் ஆறாயிரத்துக்கு மேலே போகும்போதெல்லாம் அப்படி உதறியது, நான் ஏதோ ரேஸ் வண்டிக் குணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம், கடைசியில் ஒல்லியாக வருமே அந்த ஸ்டிங்கர் குழாய். வலது பக்கம் சுலபமாக நுழைந்த மரக்குச்சி இடது பக்கம் பாதியில் நின்றது. உள்ளே வெல்டு உருகி வழிந்து துளையை அடைத்திருக்கிறது. ஸ்டிங்கர் குறுகினால் சூடு வெளியேற வழியில்லாமல் பிஸ்டன் தலைக்கே திரும்பும்.

மூன்றாவது ஜெட். ஒரிஜினல் மிகுனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குட்டி முத்திரை இருக்கும். என் கார்புரேட்டரில் இருந்ததில் எண் மட்டும்தான். இரண்டிலும் ஒரே எண், ஆனால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றின் துளை வட்டமாகக்கூட இல்லை, பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. பாட் ஃபில்டர் மாட்டினால் காற்று அதிகம் போகும், அதற்குப் பெரிய ஜெட் வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவர் இவர்தான்.

இப்போது யாரிடம் என்ன கொடுத்தாலும், ஒரு கார்புரேட்டர் கழுவக் கொடுத்தால்கூட, முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சென்டர் பஞ்சால் இரண்டு புள்ளி வைத்துவிடுகிறேன். போர் அளவு, பிஸ்டன் எண், உடைந்தது நசுங்கியது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, "கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் திரும்பத் தரப்படும்" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். ஒருவர் முகம் சுளித்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். புகார் கொடுக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். கொடுக்கப் போனேன், சிலிண்டர் என்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள், உடைந்த ஃபின்னுக்கு என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

என்னிடம் இருக்கும் சிலிண்டரை இனி வெட்ட இடமில்லை, உள்ளே புதுக் குழாய் இறக்கி ஸ்லீவ் போட வேண்டும், பெரியவர் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சைலன்சருக்குத்தான் வழி தெரியவில்லை. போன வாரம் பழைய பாகம் விற்கும் விளம்பரம் ஒன்றில் ஒரு ஜோடி ஆர்டி சைலன்சர் பார்த்தேன், க்ரோம் மின்னுகிறது, வலது பக்கத்தின் அடியில் மட்டும் என் பழைய கேட்டில் இடித்த அதே நீள நசுங்கல். தெரியாதவன் மாதிரி மெசேஜ் போட்டு, எந்த வண்டியில் இருந்தது அண்ணே என்று கேட்டேன். உடைத்துப் போட்ட ஒரு வண்டியில் இருந்தது, ஓனர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று பதில் வந்தது.