25 அடி ஏர்ஸ்ட்ரீமை விட்டு இறங்கும்போது: பாம்பியா, காசிட்டாவா?

காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லர் வீட்டைச் சின்னதாக்கலாம் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது நீளத்தைத்தான். 25 அடியிலிருந்து 19-க்கு வரலாமா, 16 போதுமா என்று. நானும் மனைவியும் எங்கள் ஏர்ஸ்ட்ரீம் ஃப்ளையிங் கிளவுட் 25-ஐ விற்றுவிட்டு இருவருக்குப் போதுமான ஒன்றைத் தேடத் தொடங்கியபோது ஒன்று தெளிவாயிற்று. நீளத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். அகலம் எவ்வளவு, சாமான் எத்தனை பவுண்டு ஏற்றலாம், ராத்திரியில் கட்டிலிலிருந்து எப்படி இறங்குவது, இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், அதே கம்பெனியின் சின்ன மாடலான பாம்பிக்கு மாறுவதைவிட, காசிட்டா போன்ற வேறு கம்பெனிக்கே போய்விடுவது பலருக்கு நல்லது என்பது என் முடிவு. எல்லோருக்கும் அப்படியில்லை. அதையும் சொல்கிறேன்.

ஃப்ளையிங் கிளவுட் 25 என்பது கிட்டத்தட்ட 26 அடி நீளம், 8 அடி 5½ அங்குல அகலம், இரட்டை அச்சு (அதாவது இரண்டு ஜோடிச் சக்கரம்). சாமானோடு சேர்த்து மொத்த எடை வரம்பு 7,300 பவுண்டு. தனி ஷவர் உண்டு. குளித்துவிட்டுக் காய்ந்த தரையில் கால் வைக்கலாம். குயின் கட்டில் உள்ள மாடலில் ஆளுக்கொரு பக்கம் இறங்கலாம். இதை இழுக்க ஒரு பெரிய பிக்கப் டிரக் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சின்ன டிரெய்லருக்கு இறங்க வைப்பதும் அந்த டிரக்தான். மாதம் முழுக்க மளிகைக் கடைக்கும் மருத்துவரிடமும் அதையே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. டொயோட்டா ஹைலேண்டர், ஹோண்டா பைலட் போன்ற நடுத்தர எஸ்யூவிகள், எஞ்சினையும் ஆல் வீல் டிரைவையும் பொறுத்து, 5,000 பவுண்டு வரை இழுக்கும். அந்த 5,000-க்குள் நிம்மதியாக அடங்கும் டிரெய்லர் கிடைத்தால் டிரக்கையும் விற்றுவிடலாம். எங்கள் கணக்கு அதுதான்.

முதலில் மனசு போவது ஏர்ஸ்ட்ரீம் பாம்பி 16-க்கு. அதில் ஆச்சரியமில்லை. வாலி பையம் என்பவர் 1930களில் தொடங்கிய கம்பெனி. 1952-இலிருந்து ஒஹையோவின் ஜாக்சன் சென்டரில் தொழிற்சாலை. 1980 முதல் தோர் குழுமத்தின் கையில். நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்ததுகூட மாற்றியமைக்கப்பட்ட ஒரு ஏர்ஸ்ட்ரீமில்தான். ரிவிட் அடித்த அந்த அலுமினிய உடம்பு எந்தக் கேம்ப்கிரவுண்டில் நின்றாலும் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஏர்ஸ்ட்ரீம் கிளப்பில் சேர்ந்தவர்களுக்கு டிரெய்லரின் முகப்பில் ஒட்டிய சிவப்பு எண் ஒரு அடையாளம்; அந்த எண்ணைப் பார்த்தே பழகியவர்கள் பலர். இந்தப் பிடிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். பல வருடம் கூடவே இருந்த ஒன்று அது.

காசிட்டா வேறு வம்சம். 1968-இல் கனடாவின் வினிபெக்கில் போலர் என்ற சின்ன ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வந்தது. மேல்பாதி ஒரு வார்ப்பு, கீழ்பாதி ஒரு வார்ப்பு; இரண்டையும் சோப்புப் பெட்டி மாதிரி நடுவில் பொருத்திவிடுவது. மின்னசோட்டாவின் பேக்கஸில் செய்யப்படும் ஸ்கேம்ப், 1980களில் டெக்சஸில் தொடங்கிய காசிட்டா எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஆட்கள் இவற்றை முட்டை என்றே செல்லமாகக் கூப்பிடுவார்கள். காசிட்டாவின் 17 அடி மாடல்கள்தான் நம் ஒப்பீட்டுக்குச் சரியான எதிராளி.

இப்போது அகலம். பாம்பி 16-இன் அகலம் 8 அடி. காசிட்டா 17-இன் அகலம் 6 அடி 8 அங்குலம். தாளில் பார்த்தால் வெறும் 16 அங்குல வித்தியாசம். சாலையில் அது வேறு கதை. ஏறக்குறைய காரின் அகலமே காசிட்டாவுக்கும் என்பதால், பல எஸ்யூவிகளில் காரின் சொந்தக் கண்ணாடியிலேயே டிரெய்லரின் பக்கவாட்டும் அதற்குப் பின்னால் வரும் வண்டியும் தெரிந்துவிடும். பாம்பிக்கு நீட்டிக் கண்ணாடி மாட்டியாக வேண்டும். காட்டுப் பாதை கேம்ப்கிரவுண்டுகளில் இரண்டு மரங்களுக்கு நடுவே நுழையும்போது யார் இறங்கி வழிகாட்டுவது என்ற பேச்சே குறுகலான வண்டியில் குறைந்துவிடுகிறது. யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவில் மவுண்ட் கார்மல் சுரங்கப்பாதை இருக்கிறது. அங்கே கண்ணாடி, வெய்யில் விரிப்பு எல்லாம் சேர்த்து 7 அடி 10 அங்குல அகலத்தைத் தொட்டாலே பெரிய வண்டிக் கணக்கு. பாம்பி, 16 அடி நீளம்தான் என்றாலும், அந்தப் பட்டியலில் போய் விழுகிறது. காசிட்டா விழுவதில்லை. 26 அடியிலிருந்து 16 அடிக்கு இறங்கியும் சுரங்க வாசலில் பெரிய வண்டிதான் என்றால், என்ன இறங்கினோம்?

காற்றுத் தடையும் அகலத்தோடு வருவதுதான். எஸ்யூவியின் கையேட்டில் இழுவை எடையைத் தேடுகிறோம். சில கையேடுகளில் டிரெய்லரின் முன்பக்கப் பரப்பளவுக்கும் ஒரு வரம்பு போட்டிருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம். 5,000 பவுண்டு இழுக்கும் கார், 3,500 பவுண்டு அகலமான டிரெய்லரை எதிர்காற்றில் இழுக்கத் திணறலாம். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது சாமான் எடை. பாம்பி பிரியர்களுக்குக் கசப்பான இடம் இதுதான். பாம்பி 16-இன் வெற்று எடை சுமார் 3,000 பவுண்டு, மொத்த எடை வரம்பு 3,500. மாடல் ஆண்டைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மிச்சம் 500 பவுண்டு. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 20 காலன் நிரப்பினாலே கிட்டத்தட்ட 167 போய்விட்டது. பாக்கி 330 சொச்சம். அதில்தான் இருவரின் துணி, போர்வை, பாத்திரம், குக்கர், அரிசி, மளிகை, மடக்கு நாற்காலிகள், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, சக்கரத்துக்குக் கீழே வைக்கும் கட்டைகள், கருவிப் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். வார இறுதிக்குப் போகிறவர்களுக்கு அடங்கும். மூன்று மாதம் மேற்கு மாநிலங்களைச் சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு டப்பாவையும் எடை போட வேண்டியிருக்கும். பெரிய டிரெய்லரில் பழகியவர்களுக்குச் சாமானைக் கழிப்பது லேசில் வராது.

காசிட்டாவுக்கும் வரம்பு அதே 3,500 பவுண்டுதான். ஆனால் அறிவிக்கப்பட்ட வெற்று எடை சுமார் 2,500. ஆயிரம் பவுண்டு மிச்சம் என்று துள்ளிவிடவும் கூடாது. ஏசி, வெய்யில் விரிப்பு போன்ற கூடுதல் வசதிகள் சேரச் சேர அந்த மிச்சம் கரையும். அப்படியும் பாம்பியைவிடத் தாராளம்தான். எந்த டிரெய்லராக இருந்தாலும் விளம்பரத் தாளை நம்பாமல், வண்டியில் ஒட்டியிருக்கும் சாமான் எடை ஸ்டிக்கரைப் படியுங்கள். தொழிற்சாலையில் குறிப்பிட்ட அந்த வண்டிக்கென்று போட்ட எண் அது. அப்புறம், வாங்கிய பிறகு நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் சாமானோடு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். சில டாலர்தான் ஆகும். டிரெய்லர் கொக்கி காரின் மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் அங்கேதான் தெரியவரும். காசிட்டாவுக்கு அதன் உருவத்தை மீறிய மூக்கு கனம், அதாவது கொக்கி எடை, உண்டு. 500 பவுண்டு மூக்கு எடை தாங்கும் எஸ்யூவியில் அதையும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

கட்டில் விஷயத்தை யாரும் முதலில் யோசிப்பதில்லை. அறுபதைத் தாண்டிய தம்பதிகளுக்கு அதைவிட முக்கியமான ஒன்று இல்லை என்றே சொல்வேன். பாம்பியில் கட்டில் சுவரோடு மூலையில் ஒட்டியிருக்கும். உள்பக்கம் படுப்பவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால், ஒன்று மற்றவரைத் தாண்ட வேண்டும், இல்லை கால்மாட்டுக்கு நகர்ந்து இறங்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் கடையிலேயே, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருமுறை படுத்து எழுந்து பார்த்துவிடுங்கள். விற்பனையாளர் ஒன்றும் சொல்ல மாட்டார். காசிட்டாவில் ஸ்பிரிட், ஃப்ரீடம் மாடல்களிலும் இதே சிக்கல் உண்டு, கூடவே மேசையை இறக்கிப் படுக்கை போடும் வேலை வேறு. லிபர்ட்டி மாடல் வேறு மாதிரி. அதில் இருபுறமும் ஒற்றைக் கட்டில், நடுவில் நடைபாதை. வேண்டுமென்றால் நடுவை மூடி ஒரே அகலப் படுக்கையாக்கலாம். என் மனைவி உள்ளே ஏறி உட்கார்ந்து, இரு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது போதுங்க" என்றாள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

குளியலறையில் காசிட்டா எங்கள் பழைய டிரெய்லரிடம் தோற்கிறது. சின்ன அறை, கழிவறையும் ஷவரும் ஒன்றே. குளித்த பிறகு சுவர், கழிவறை மூடி, தரை என்று எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். ஃப்ளையிங் கிளவுடின் தனி ஷவரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். உள்ளே நிற்கும் உயரமும் ஆறடிக்குச் சற்று மேல்தான். உயரமானவர்கள் போய் நின்று பார்த்துவிட்டுப் பேசவும்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் சுகத்தில் ஏர்ஸ்ட்ரீமுக்கு ஈடில்லை. பெரிய ஜன்னல்கள், தாராளமான அகலம், நல்ல உயரம். ஆரிகன் கடற்கரையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால், பாம்பிக்குள் இருப்பவருக்கு அது விடுமுறை. காசிட்டாவுக்குள் இருப்பவருக்கு அது மழை. காசிட்டாவின் உட்சுவரில் கம்பளம் போன்ற துணி ஒட்டியிருக்கும், ஜன்னல்களும் சின்னவை. குளிர்ப் பிரதேசத்தில் ஒற்றைச் சுவர் என்பதால் உள்ளே ஈரம் படியும். கூரை விசிறியைக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். அதிக நேரம் டிரெய்லருக்குள்ளேயே இருப்பவர்கள், வாசிப்பவர்கள், உள்ளிருந்தே வேலை பார்ப்பவர்கள் ஏர்ஸ்ட்ரீமிலேயே இருக்கலாம். அவர்களுக்கு இன்னும் நல்லது பாம்பி 22. எடை கூடும் என்பதால் எஸ்யூவி கணக்கை மறுபடி போட வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: அலுமினியம் என்றால் கவலையில்லை என்று. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் கடலோர உப்புக்காற்றும், குளிர்காலச் சாலை உப்பும் பட்டால் தகட்டின் வெட்டு ஓரங்களில், விளக்குகளைச் சுற்றி, மேல்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள் ஓடும். அது ஊர்ந்துகொண்டே போகும். ஆலங்கட்டி மழையில் விழுந்த குழியைத் தட்டி எடுக்க முடியாது. ரிவிட்டைத் துளைத்துத் தகட்டையே மாற்ற வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். ஃபைபர்கிளாஸில் விரிசல் விட்டால் படகு பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் சரி செய்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை வேக்ஸ் போடாவிட்டால் மேற்பூச்சு மங்கிவிடும். காசிட்டாவில் உடம்பைத் துளைத்துப் போகும் ரிவிட்டுகளும் உண்டு. அவற்றின் மூடி கழன்றால் தண்ணீர் இறங்கும், எனவே மூடிகளை அவ்வப்போது தொட்டுப் பார்ப்பது நல்லது.

சர்வீஸுக்கு ஏர்ஸ்ட்ரீமுக்கு நாடெங்கும் டீலர்கள். காசிட்டாவை நேரே கம்பெனியிடம் வாங்குவதுதான் வழக்கம். இதில் நான் பெரிதாக பயப்படவில்லை. ஃப்ரிட்ஜ், ஹீட்டர், அடுப்பு எல்லாம் டொமெடிக், சபர்பன் போன்ற பொதுக் கம்பெனிகளின் சரக்கு; எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். விலையில் பாம்பி புதிது 50,000 டாலரைத் தாண்டும், காசிட்டா அதைவிட வெகுவாகக் குறைவு. பழையதாக விற்றாலும் இரண்டுக்கும் நல்ல கிராக்கி.

வேறு இரண்டு கம்பெனிகளையும் சொல்லாமல் விட முடியாது. டென்னசியின் ஹோயன்வால்டில் செய்யும் ஆலிவர், ஃபைபர்கிளாஸிலேயே இரட்டைச் சுவர், அலுமினியச் சட்டம், குளிருக்கு அருமையான கட்டுமானம். ஆனால் அதன் லெகஸி எலிட் 2 மாடலின் மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு. நீளமும் அகலமும் குறையும், ஆனால் டிரக்கை விற்க முடியாது. எடைக்காக இறங்குகிறவர்களுக்கு அது உதவாது. கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கில் செய்யும் எஸ்கேப் நடுவழி: 19, 21 அடி மாடல்களில் இரட்டை அச்சு, நிரந்தரக் கட்டில், காசிட்டாவைவிட வசதி. லிபர்ட்டியின் படுக்கை அமைப்பு பிடிக்காதவர்கள் எல்லை தாண்டி அதைப் பார்க்கலாம்.

நாங்கள் லிபர்ட்டிக்கே போனோம். மாறுகிறவர்களுக்குக் கைவசம் ஒரு வேலை: டிரெய்லரின் இணைப்பு காரின் பின்னால் இருக்கும் ஒரு உலோகப் பந்தின் மேல் உட்காரும்; பழைய ஏர்ஸ்ட்ரீமின் இணைப்பு 2 5/16 அங்குலப் பந்துக்கானது, காசிட்டாவினுடையது 2 அங்குலப் பந்துக்கானது. பழைய பந்து புதியதில் உட்காரவே உட்காராது. டிரெய்லரை எடுக்கப் போகும் முன்பே சரியான அளவுப் பந்தை வாங்கி மாட்டி, எஸ்யூவியில் பிரேக் கன்ட்ரோலரும் (டிரெய்லரின் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் கருவி) ஏழு முனை மின் இணைப்பும் பொருத்தி, பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.