ஸ்டீம் ஷவர் வயரிங்: தனி ஆர்சிபிஓவா, வீட்டுக்கே இருக்கும் ஆர்சிசிபி போதுமா?

ஷவர் அறைக்கு நீராவி தயாரித்து அனுப்பும் ஸ்டீம் ஜெனரேட்டருக்குத் தனி லைன் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பிளக், சாக்கெட் பேச்சே வேண்டாம். நேரடியாக டெர்மினலில் கட்டி, பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஒன்றைக் குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். ஜெனரேட்டரும் வெளியேதான், ஈரமில்லாத காற்றோட்டமான இடத்தில். உள்ளே வரலாம் என்றால் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் கண்ட்ரோல் பேனல் வரலாம். சர்ச்சை, வீட்டு லைன்கள் பிரியும் டிபி பெட்டியில்தான் ஆரம்பிக்கிறது. இந்த லைனுக்கு எம்சிபி (அதிக மின்னோட்டம் ஓடினால் துண்டிக்கும் பிரேக்கர்) மட்டும் போட்டு, வீடு முழுவதையும் காக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியையே (எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தை, அதாவது லீக்கேஜை, உணர்ந்து துண்டிக்கும் கருவி) நம்பலாமா? அல்லது ஜெனரேட்டருக்கென்றே, இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் இரண்டு முனை ஆர்சிபிஓ போட வேண்டுமா?

நான் ஆர்சிபிஓ பக்கம். ஷாக் அடிக்காமல் காப்பதில் அது ஒசத்தி என்பதற்காக இல்லை; அந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றே. வயர் கணக்கும் எதைப் போட்டாலும் மாறாது. 6 கிலோவாட் ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர். கண்ட்யூட்டில் போகும் 4 சதுர மி.மீ. செம்பு வயர் இதற்கு விளிம்பில்தான் நிற்கிறது. சூடான பரண் வழியாகப் போனால் அதன் தாங்குதிறன் 32க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் 6 சதுர மி.மீ., எர்த்தும் அதே அளவு. வெறும் ஹீட்டர் லோடு, ஆன் செய்யும்போது மின்னோட்டம் எகிறாது என்பதால் சீக்கிரம் விழும் பி கர்வ் பிரேக்கர் போதும். உள்ளே எலக்ட்ரானிக் கண்ட்ரோல் இருப்பதால், லீக்கேஜ் உணரும் பகுதி, ஏசி கசிவை மட்டும் உணரும் ஏசி வகையாக இல்லாமல், துடிக்கும் டிசி கசிவையும் உணரும் ஏ வகையாக இருக்கட்டும்.

தேர்வைத் தீர்மானிப்பது, தண்ணீரைச் சூடேற்றும் எலிமென்ட்டின் லீக்கேஜ். உலோகக் குழாய்க்குள் நிக்ரோம் சுருள், சுற்றிலும் இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி: எலிமென்ட் என்பது இவ்வளவுதான். அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சும். முனை சீல் கொஞ்சம் தளர்ந்து, ஜெனரேட்டரும் சில வாரம் ஓடாமல் கிடந்தால் ஈரம் உள்ளே இறங்கும். மறுபடி ஆன் செய்ததும் எர்த்துக்குக் கசிவு கூடும். சூடேறி ஈரம் வெளியேறினால் குறையும்.

எலிமென்ட் புதிதாக இருக்கும்போதே கசிவு பூஜ்யம் இல்லை. நிலையாகப் பொருத்தும் ஹீட்டர் வகைச் சாதனங்களுக்குச் சர்வதேசத் தரவிதி கிலோவாட்டுக்கு 0.75 மில்லிஆம்பியர் வரை, மொத்தம் 5க்கு மிகாமல், அனுமதிக்கிறது. 6 கிலோவாட்டுக்கு அது 4.5. ஒரு ஆர்சிசிபியின் கீழே வழக்கமான கசிவு அதன் அளவில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 9 மில்லிஆம்பியர். அதில் பாதியை இந்த ஒரு ஜெனரேட்டரே எடுத்துக்கொள்ளலாம். மீதியில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம் பங்கு கேட்கும். 30 என்று எழுதியிருக்கும் ஆர்சிசிபி 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் டிரிப் ஆகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரிப் ஆனால் வீடே இருட்டு. நாலைந்து தடவை இப்படி ஆனதும் யாராவது ஒருவர் ஜெனரேட்டரின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பார். ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. கசிவுக்குப் போக வழியில்லாமல் ஜெனரேட்டரின் உடலும், அதிலிருந்து போகும் செம்பு நீராவிக் குழாயும், அறைக்குள் இருக்கும் ஸ்டீம் ஹெட்டும் மின்சாரம் ஏறி நிற்கும். தொடுபவர் நனைந்த உடம்போடு இருப்பார். தனி ஆர்சிபிஓ என்றால் அணைவது ஜெனரேட்டர் மட்டும். குற்றவாளி யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடுவதால் இந்தக் கைவைத்தியத்துக்கு அவசியம் வராது.

நியூட்ரல் பக்கம் இன்னொரு வில்லங்கம். உப்புப் படிந்து எலிமென்ட் அதிகமாகச் சூடாகி, உறை வெடித்து, நியூட்ரல் முனை எர்த்தைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். ஒற்றை முனை எம்சிபியை ஆஃப் செய்தாலும் நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். மற்ற லைன்களின் நியூட்ரல் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்குப் போகும். எம்சிபி ஆஃபில் இருக்கும்போதே ஆர்சிசிபி விழும். ஆர்சிசிபிதான் கெட்டுவிட்டது என்று அதை மாற்றுவார்கள், புதியதும் விழும். இரண்டு முனை ஆர்சிபிஓ நியூட்ரலையும் துண்டிப்பதால் வீட்டின் மற்ற பகுதி தொடர்ந்து ஓடும். ஆனால் வாங்கும்போது கவனம்: பேஸை மட்டும் துண்டித்து நியூட்ரலை அப்படியே விடும் ஒல்லி மாடல்களும் உண்டு. முகப்பில் அச்சிட்ட படத்தில் இரண்டு கோட்டிலும் ஸ்விட்ச் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்சிபிஓ போட்டும் பலன் கிடைக்காத இடங்கள் இரண்டு. பழைய 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்குக் கீழேயே அதை மாட்டினால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. லைனை அதற்கு முன்பிருந்தே எடுக்க வேண்டும். மேலே ஒரு ஆர்சிசிபி கட்டாயம் வேண்டுமென்றால் 100 அல்லது 300 மில்லிஆம்பியரில், சற்றுத் தாமதித்து விழும் தாமத வகை. அடுத்தது, ஜெனரேட்டரின் நியூட்ரலை ஆர்சிபிஓவின் லோடு முனையில் கட்டாமல் பொது நியூட்ரல் பாரில் கட்டுவது. ஆன் செய்த கையோடு டிரிப் ஆகும்.

மூன்று பேஸ் ஜெனரேட்டர், 9 கிலோவாட்டும் அதற்கு மேலும், என்று வந்தால் என் சாய்வு இவ்வளவு உறுதியாக இல்லை. அங்கே ஜெனரேட்டருக்கென்றே நான்கு முனை ஆர்சிசிபி ஒன்றும், நியூட்ரலையும் துண்டிக்கும் எம்சிபி ஒன்றும் போட்டால் அதே பலன்தான். ஒற்றை பேஸிலும் தனி ஆர்சிசிபியோடு இரண்டு முனை எம்சிபி சேர்த்தால் ஆர்சிபிஓவுக்குச் சமம், பெட்டியில் இடம்தான் கூடுதலாகப் போகும். இன்னொன்று: பல ஆர்சிபிஓக்கள் எலக்ட்ரானிக் வகை. மேலே சப்ளை நியூட்ரல் அறுந்தால் அவற்றின் லீக்கேஜ் பகுதி வேலை செய்யாமல் போகலாம், மெக்கானிக்கல் வகைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எதைப் போட்டாலும் லைனை ஒப்படைக்கும் முன் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள். மெயின் ஆஃப், கண்ட்ரோல் போர்டைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் எர்த்துக்கு அளந்தால் 1 மெகாஓம் குறைந்தபட்சம். எலிமென்ட்டின் இரு முனைகளுக்கு இடையே சாதாரண மல்டிமீட்டரில் அளந்தால், 6 கிலோவாட் ஒற்றை எலிமென்ட் 8.8 ஓம் அளவில் காட்டும். 3 கிலோவாட் எலிமென்ட் இரண்டு இருந்தால் தனித்தனியே பிரித்து 17.6 ஓம். பிரித்து அளந்தால் கசிவது எது என்பதும் தெரியும். ஈரத்தால் அளவு குறைந்திருந்தால் சூடேற்றினால் மீளும், ஆனால் டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது.

தளர்ந்த டெர்மினலை மட்டும் ஆர்சிபிஓ, ஆர்சிசிபி இரண்டுமே கண்டுபிடிக்காது. 26 ஆம்பியர் தொடர்ந்து ஓடும் இடத்தில் ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்தாலும் வயர் கருகும், பிரேக்கரோ அசையாது. பல இழை வயருக்கு லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடித்து, டார்க் ஸ்க்ரூடிரைவரில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். சில தடவை சூடேறி ஆறிய பிறகு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி சரிபாருங்கள். இன்சுலேஷன் பழுப்பேறியிருந்தால் வெறுமனே இறுக்கிவிட்டு மூடாதீர்கள். பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி, புது லக் அடித்துக் கட்டுங்கள்.