1,838 யூரோவுக்கு ஒரு 'ஹெம்பா' முகமூடி: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

முதலில் கணக்கு. ஏலத்தொகை 1,600 யூரோ, தளத்தின் கமிஷன் 192, பார்சல் 46. ஆக மொத்தம் 1,838 யூரோ. பழைய ஆப்பிரிக்க முகமூடி என்று நம்பி வாங்கினேன், கைக்கு வந்தது ஷூ பாலிஷ் பூசிய புதுச் சரக்கு. பெட்டியைப் பிரித்து ஒன்பது நாள்தான் ஆகிறது. எழுத்தில் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்றது ஒரு இணைய ஏலத் தளம். பெயர் வேண்டாம். பழைய கடிகாரத்தில் இருந்து ஆப்பிரிக்கச் சிற்பம் வரை எல்லாம் ஏலம் விடும் வகையறா. ஒவ்வொரு பொருளின் கீழும் 'எங்கள் நிபுணர் பார்த்தது' என்று ஒரு முத்திரை இருக்கும்.

பொருள்: கொங்கோவின் தென்கிழக்கில், தங்கனீக்கா ஏரிக்கு மேற்கே வாழும் ஹெம்பா மக்களின் 'சோ' முகமூடி. பாதி சிம்பன்சி, பாதி மனிதன். வில்லாக வளைந்த புருவம், நீண்டு மெலிந்த மூக்கு, காதுக்குக் காது பிறைபோலக் கிழிந்த வாய். விளம்பரத்தில் 'சிரிக்கும் குரங்கு முகமூடி' என்று போட்டிருந்தார்கள். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். சாவுச் சடங்கில் இது வந்தால் ஊரே ஓடும். அப்படிப் பிளந்த வாய் அவர்களுக்குச் சிரிப்பு இல்லை, பயங்கரம்.

நம்பவைத்தது முகமூடியின் பின்புறம் ஒட்டியிருந்த பழுப்புச் சீட்டு. மசியில் 'ஹெம்பா, கலெமி, 1938'. கூடவே விற்பவரின் செய்தி: தாத்தா பெல்ஜியக் காலத்தில் அங்கே ரயில்வேயில் இருந்தார், வீட்டைக் காலி செய்கிறோம், நல்ல கைக்குப் போனால் போதும். அந்த 'நல்ல கை' என்ற வார்த்தைக்குத்தான் 1,838 யூரோ போனது. சீட்டில் உள்ள அந்த ஊருக்கு 1938-இல் பெயர் ஆல்பர்ட்வில். கலெமி ஆனது விடுதலைக்குப் பிறகு, 1960-களில். போதாததற்கு, ஹெம்பா சிற்பங்களை ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் 1970-கள் வரை பெரும்பாலும் பக்கத்து இனத்தின் பெயரில் 'லூபா' என்றுதான் எழுதிவைத்தார்கள். சீட்டு எழுதியவன் இன்றைய வரைபடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான். ஏலம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது இதெல்லாம் யாருக்கு உறைக்கிறது!

பொருள் வந்த பிறகு தெரிந்தவை:

டர்பன்டைனில் நனைத்த பஞ்சை நெற்றி ஓரத்தில் மெதுவாக உருட்டியதும் பஞ்சு செம்பழுப்பாகிவிட்டது, பாலிஷ் வாசனையோடு. வருஷக்கணக்கில் கைப்பட்டு, புகைபட்டு ஏறிய கருமை அப்படிப் பஞ்சில் வராது.

உட்புறம் முழுக்க ஒரே சீரான டீ நிறம். சடங்கில் மாட்டிக்கொண்டு ஆடிய முகமூடி என்றால் நெற்றியும் கன்ன எலும்பும் படுகிற இடம் மட்டும் வேர்வையும் எண்ணெயும் ஏறி வழவழப்பாக இருக்கும், குழிவான மூலைகள் வறண்டு கிடக்கும். இதில் எல்லா இடமும் ஒன்று. குழிவில் உப்புத்தாள் இழுத்த கோடுகள் வேறு. வாய்ச்சியும் கத்தியும் சின்னச் சின்னத் தட்டைச் செதுக்கல்களைத்தான் விடும்.

விளிம்புத் துளைகள் எல்லாம் ஒரே 4 மில்லிமீட்டர், டிரில் போட்ட வட்டம், உள்ளே வெள்ளை மரம். ரோமத்தையும் மரவுரியையும் கயிற்றால் கட்டி ஆடியிருந்தால், கயிறு இழுத்த பக்கம் துளை தேய்ந்து நீண்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் உளு. படத்தில் பார்த்து 'ஆஹா, உளுத்த பழைய மரம்' என்று மயங்கியது இதில்தான். உளுப்பூச்சி உள்ளுக்குள் சுரங்கம் போட்டு, வெளியே வரும்போது மேற்பரப்பில் வட்டத் துளை மட்டும் விடும். இந்த முகமூடியின் இடது கன்னத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு அரை வாய்க்கால் திறந்து கிடக்கிறது. சுரங்கத்தை உளி நீளவாக்கில் வெட்டியிருக்கிறது. அதாவது பூச்சி தின்று முடித்த கட்டையை எடுத்துப் பிறகுதான் செதுக்கியிருக்கிறார்கள். மரம் பழசாக இருக்கலாம், முகமூடி பழசில்லை. இந்த மாதிரிக்குக் கார்பன் சோதனையும் உதவாது. அது மரத்தின் வயதைச் சொல்லும், உளியின் வயதைச் சொல்லாது.

முகமூடியின் ரோமத் தாடியை யூவி (புற ஊதா) டார்ச்சில் பார்த்தால் வேரடியில் பசை பளீரென்று நீலவெள்ளையாக மின்னுகிறது. கயிற்றால் கட்டியதல்ல, ஒட்டியது.

இனி பதில்கள். விற்பவர்: 'மரம் உயிருள்ளது, நிறம் விடத்தான் செய்யும்.' சீட்டைப் பற்றிக் கேட்டதும், 'தாத்தா பின்னாளில் எழுதியிருக்கலாம்.' அதன் பிறகு பதிலே இல்லை. தளம்: 'புகார் காலம் 3 நாள், நீங்கள் 5-ஆம் நாள் எழுதியுள்ளீர்கள்.' மறுபடி எழுதினால், 'விவரத்தில் ஹெம்பா பாணி என்றுதான் உள்ளது, காலத்துக்கு உத்தரவாதம் தரவில்லை.' போய்ப் பார்த்தால் உண்மைதான். தலைப்பில் 'ஹெம்பா', மடித்துவைத்த சின்ன எழுத்தில் 'பாணி'. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 நாள் திருப்பியனுப்பும் உரிமை? 'விற்பவர் தனிநபர், பொருந்தாது.' நூற்றுக்கும் மேல் முகமூடி விற்ற தனிநபர்! பணத்தைத் திருப்பிக் கேட்டால் வங்கியோ, பொருள் வந்து சேர்ந்துவிட்டதே என்று புகாரை மூடிவிட்டது. நிபுணர் யார், பெயர் என்ன, எதைப் பார்த்து முத்திரை குத்தினார் என்று மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி'. 1,838 யூரோ வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை: உட்புறம், விளிம்புத் துளை, உளுத்த இடம் மூன்றுக்கும் கிட்டத்துப் படம் தராதவரிடம் ஏலம் கேட்காதீர்கள். சீட்டில் உள்ள ஊர்ப்பெயரை அந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள். விற்பவர் வணிகரா தனிநபரா என்று முதலிலேயே பாருங்கள். பார்சல் வந்த அன்றே பஞ்சும் டார்ச்சும் எடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். தாடி உண்மையான கொலோபஸ் குரங்கு ரோமம் என்று சொன்னால் அது தனித் தலைவலி. சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) காகிதம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

நேற்று அதே ஆள் இன்னொன்றை ஏற்றியிருக்கிறார். படத்தில் பின்னால் அதே சாம்பல் துணி, அதே கையெழுத்தில் பழுப்புச் சீட்டு. இந்த முறை 1934. ஊர் மட்டும் மாறவில்லை, கலெமிதான். நிபுணர் முத்திரையும் விழுந்தாயிற்று. ஏலம் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிகிறது.