இலவசச் சட்ட உதவி மையத்தில் கொடுத்த முகவரி எதிர்த்தரப்பின் கைக்குப் போனது: எச்சரிக்கை

சென்னை பாரிமுனைப் பக்கம் ஓர் அறக்கட்டளை இலவசச் சட்ட உதவி என்று பலகை வைத்து நடத்தி வருகிறது. பெயரை இங்கே எழுதவில்லை. கணவனைப் பிரிந்து வந்து ஜீவனாம்சம் கேட்க நினைத்த ஒரு பெண் அங்கே போனார். புது போன் நம்பர், வாடகை வீட்டு முகவரி, குழந்தை படிக்கும் பள்ளி, வேலை பார்க்கும் இடம் என்று எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மனு தாக்கல் ஆவதற்கு முன்பே கணவனின் அண்ணன் அந்தப் பள்ளி வாசலில் வந்து நின்றார்.

யாரும் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடவில்லை. விண்ணப்பப் படிவத்தை ஒரு வாலண்டியர் தன் சொந்த போனில் படம் எடுத்து, "இந்தக் கேஸை யார் பார்க்கிறீர்கள்?" என்று வாலண்டியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அந்தக் குரூப்பில் பழைய மாணவர்கள், எப்போதோ ஒரு முகாமுக்கு வந்து போனவர்கள், வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள் என்று யார் யாரோ இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் கணவன் வீட்டாரைத் தெரியும். அவ்வளவுதான் நடந்தது. தவறு தெரிந்ததும் படத்தை அழித்துவிட்டதாக அறக்கட்டளை சொன்னது. வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாகச் சேர்த்து அழிக்கும் வசதி அனுப்பியதிலிருந்து இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் வேலை செய்யும். அழித்தாலும் அதற்குள் கேலரியில் இறங்கிவிட்ட படம் சில போன்களில் அங்கேயே இருக்கலாம். கேலரி தானாக கூகுள் போட்டோஸுக்கு ஏறுகிற போனாக இருந்தால் அங்கேயும் ஒரு பிரதி இருக்கும்.

வேறு இடத்தில் நம்பர் கசிந்தால் லோன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்று அழைப்பு வரும். சட்ட உதவி மையத்தில் கசிந்தால், அதைத் தேடி அலைகிற ஆளிடமே போய்ச் சேரும். எதிர்த்தரப்பு என்று ஒருவர் எப்போதும் இருக்கிறார்: கணவன், வீட்டு உரிமையாளர், முதலாளி, கடன் கொடுத்தவர். இதை மனதில் வைக்காமல் நடத்துகிற மையம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடத்தினாலும் ஆபத்தானது.

கசியும் இடங்கள் பெரும்பாலும் மேஜை மேலேயே இருக்கின்றன. முதலில் வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடு. பெயர், நம்பர், வந்த காரணம் என்று மூன்று கட்டங்கள் போட்ட நீள நோட்டு. உங்களுக்கு முன்னால் வந்தவர் "குடும்ப வன்முறை" என்று எழுதியிருப்பதை நீங்கள் படிக்கலாம். உங்களுக்குப் பின்னால் வருபவர் உங்களுடையதைப் படிப்பார். காரணக் கட்டத்தில் "ஆலோசனை" என்று மட்டும் எழுதுங்கள். நம்பர் கட்டத்தை விட்டுவிட்டு உள்ளே வக்கீலிடம் சொல்கிறேன் என்றால் யாரும் தடுக்க முடியாது.

அடுத்து ஜெராக்ஸ். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வருமானச் சான்று என்று எல்லாவற்றிலும் இரண்டு செட் கேட்பார்கள். முதல் ஆலோசனைக்கு இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. என்ன நடந்தது என்பதும், உங்களுக்கு வந்த நோட்டீஸ் அல்லது சம்மன் இருந்தால் அதன் நகலும் போதும். வழக்குப் போடும் கட்டத்தில் நிலைமை வேறு. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது பாஸ்புக் வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகல் எதிர்த்தரப்புக்கும் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த முகவரியைப் போடுவது, நோட்டீஸ்களை வக்கீலின் அலுவலக முகவரிக்கே வரவழைக்க முடியுமா என்று மனு தயாராகும்போதே கேளுங்கள். எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்பதற்காகத் தேவைப்படலாம். கதவு எண்ணை எங்கெங்கே எழுதுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது உங்கள் உரிமை.

ஆதார் கேட்டே தீருவோம் என்றால் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் டவுன்லோடு செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். அதிலும் முகவரி இருக்கும், அதனால் ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்தப் பகுதியைக் காகிதத்தால் மூடிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "இன்ன வழக்குக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். படத்தின் மேலும் எண்ணின் மேலும் எழுத்து ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுத்துவிடலாம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கடைகளில் பென்டிரைவ் அல்லது வாட்ஸ்அப் வெப் வழியாகப் பிரின்ட் எடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரிலிருந்து உங்கள் கோப்பு அழிந்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப் வெப்பை உங்கள் போனிலிருந்தே, இணைந்திருக்கும் சாதனங்கள் என்ற பகுதிக்குப் போய் வெளியேற்ற முடியும்.

வெற்றுத் தாளிலோ, நிரப்பாத வக்காலத்திலோ (வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் படிவம்) கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்தில் வழக்கறிஞர் பெயரும் எதிர்மனுதாரர் பெயரும் எழுதியிருக்க வேண்டும். கூடவே "ஒப்புதல் படிவம்" என்று ஒன்றை நீட்டுவார்கள். பல மையங்களில் அது ஒரே பத்தியாக இருக்கும்: வழக்கு நடத்தவும், என் விவரங்களையும் புகைப்படத்தையும் அறக்கட்டளையின் பணிகளுக்குப் பயன்படுத்தவும் சம்மதிக்கிறேன். இந்த இரண்டும் ஒரே விஷயமல்ல. இரண்டாவது, நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கைக்காக. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெயரை மாற்றித்தான் போடுவோம் என்பார்கள். பேட்டை, தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை, என்ன வழக்கு ஆகிய நான்கும் இருந்தால் உங்கள் தெருவில் யாருக்கும் ஆள் தெரிந்துவிடும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்ஸோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் குறுக்கே நிற்கும்.

இணையதளத்தில் "உங்கள் பிரச்சினையை எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் எழுதுவது பல இடங்களில் ஒரு கூகுள் ஷீட்டில் போய் விழும். லிங்க் கையில் உள்ள யாரும் திறக்கலாம் என்று அதை வைத்திருந்தால், முன்பு வேலை பார்த்துப் போனவரும் இன்றைக்கும் படிக்கலாம். நம்பர் கொடுத்ததும் "உங்கள் விவாகரத்துக் கோரிக்கை வந்து சேர்ந்தது" என்று தானாக ஒரு மெசேஜ் வரும். போன் பூட்டியிருந்தாலும் திரையில் அது தெரியும். கணவனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே உதவி தேடும் பெண்ணுக்கு அந்த ஒரு வரி அடி வாங்கித் தரும். பெட்டியில் எதையும் எழுதாமல், நம்பிக்கையான வேறு ஒருவர் போனிலிருந்து பேசுங்கள். திரும்ப அழைக்க வேண்டாம், அழைத்தால் இன்ன நேரத்துக்குள் மட்டும் என்று சொல்லுங்கள். பிரவுசரின் இன்காக்னிட்டோவில் பார்ப்பது அந்த போனின் ஹிஸ்டரியில் தெரியாமல் இருக்க உதவும், அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், இப்போதைக்குப் பாதிதான் கையில் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் கடமைகளைச் சொல்லும் பிரிவுகள் அந்த அறிவிப்பின்படி 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலாகும். அமலான பிறகும் ஒரு நுணுக்கம் உண்டு. சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தகவலுக்கு 17ஆவது பிரிவு விலக்கு தருகிறது. வழக்குக்காக என்றால் சம்மதம் கேட்கத் தேவையில்லை என்று மையம் சொல்ல முடியும். ஆனால் தகவலைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமைக்கு அந்த விலக்கு கிடையாது. அதை மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நன்கொடை அறிக்கையில் உங்கள் படத்தைப் போடுவதை வழக்குக்காக என்று சொல்லவே முடியாது. கம்ப்யூட்டரில் ஏறாமல் நோட்டிலேயே கிடக்கும் பதிவேடு இந்தச் சட்டத்துக்குள் வராது.

இன்றே அமலில் இருப்பது வழக்கறிஞரின் ரகசியக் கடமை. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 132ஆவது பிரிவின்படி, கட்சிக்காரர் (வழக்கை ஒப்படைத்தவர்) சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது. அவருடைய குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இது பொருந்தும். அறக்கட்டளையின் வாலண்டியர் எந்த வழக்கறிஞரின் ஊழியரும் இல்லை என்றால் இந்தப் பாதுகாப்பு அவரிடம் சொன்னதற்குக் கிடைக்குமா என்பது வாதத்துக்குரியது. அதனால்தான் சொல்கிறோம்: வரவேற்பு மேஜையில் இருப்பவரிடம் கதையைச் சொல்லாதீர்கள். வக்கீல் யார் என்று கேட்டு, அவருடைய பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அவரிடம் மட்டும் பேசுங்கள்.

தனியார் மையம்தான் ஒரே வழி என்றும் இல்லை. அரசின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இலவசச் சட்ட உதவி தருகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. பெண்ணிடம் வருமானச் சான்று கேட்க அங்கே காரணமே இல்லை. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே மாநில ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் அழைத்துப் பேசலாம்.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு, அசலைத் திருப்பித் தரவும் வழக்குக்குத் தேவையில்லாத நகல்களையும் போன் படங்களையும் அழிக்கவும் கேட்டு எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்டணம் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கசியவிட்டவர் வழக்கறிஞர் என்றால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். உங்கள் ஆவணத்தை வைத்து யாரேனும் சிம் வாங்கியிருக்கிறார்களா என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். கடன் எடுத்திருக்கிறார்களா என்பதைக் கிரெடிட் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையில் பார்க்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

முகவரி எதிர்த்தரப்புக்குப் போய்விட்ட பெண்கள் இதற்கெல்லாம் முன்னால் பெண்கள் உதவி எண் 181இல் பேசுங்கள். வந்த அழைப்புகளின் தேதி, நேரம், வந்து நின்ற இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் மனுவில் வேலை செய்யும் இடத்தையும் குழந்தையின் பள்ளியையும் சேர்க்கச் சொல்லுங்கள். போனில் தொடர்புகொள்வதைக்கூடத் தடுத்து அந்தப் பிரிவில் உத்தரவு போட முடியும். அதை எதிர்மனுதாரர் மீறினால் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு.