சைவத்தைத் தட்டினால் மட்டன் வந்த கதை

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் என் அத்தான் கேட்டரிங் நடத்துகிறார். அவருடைய இணையப் பக்கத்தை ஐந்து வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சைவம், அசைவம், தீபாவளிப் பலகாரம் என்று மூன்று பொத்தான்கள். எதைத் தட்டினாலும் பக்கம் முழுவதும் மறுபடி ஏறாமல், உணவுப் பட்டியலும் வெள்ளிக் (டாலர்) கணக்கும் மட்டும் மாற வேண்டும். இதற்குப் போய் ரியாக்ட் மாதிரி பெரிய நிரல் நூலகம் எதற்கு என்று வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். இன்றும் அப்படியேதான் ஓடுகிறது.

ஆரம்பத்தில் ரொம்ப சுலபமாகத் தெரிந்தது. கிளிக் வந்ததும் ஃபெட்ச் போட்டு சர்வரிலிருந்து பட்டியலை வாங்கி, வந்ததை இன்னர்எச்டிஎம்எல்லில், அதாவது பக்கத்தின் அந்தப் பகுதிக்குள் எச்டிஎம்எல்லாகவே, கொட்டினால் சரி. ஆனால் பட்டியல் ஒருமுறை மாறியதும் 'சேர்' பொத்தான்கள் செத்துப்போயின. பழைய பொத்தான் போகும்போது அதில் கட்டிய லிசனரும் (தட்டுவதைக் கவனித்து வேலை செய்யும் நிரல்) போய்விடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாவற்றுக்கும் திரும்பக் கட்டினேன். அது இன்னும் மோசம். பட்டியலுக்கு வெளியே இருந்த கூடைப் பொத்தானில் லிசனர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒருமுறை தட்டினால் மூன்று பெட்டி முறுக்கு சேர்ந்தது. அத்தானுக்கு அதில் வருத்தமில்லை, வாடிக்கையாளருக்குத்தான். கடைசியில் பொத்தான்களை எல்லாம் அடக்கிய தாய் உறுப்பில் ஒரே லிசனர் வைத்து, தட்டியது எந்தப் பொத்தான் என்று குளோசெஸ்ட் என்ற கட்டளை மூலம் கண்டுபிடிக்கும்படி மாற்றினேன். அதன்பிறகு அந்தப் பகுதியை நான் தொடவே இல்லை.

மட்டன் விவகாரம் அதற்கு அடுத்த வருடம். "சைவம்தான் தட்டினேன் தம்பி, மட்டன் பிரியாணி காட்டுதே" என்று ஒரு அம்மா போன் செய்தார். என் கணினியில் எத்தனை முறை தட்டியும் சரியாகவே வந்தது. எம்ஆர்டி ரயிலில் போகும்போது போனில் தட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கை தவறி அசைவத்தைத் தட்டிவிட்டு உடனே சைவத்தைத் தட்டினால், முதல் கோரிக்கையின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதன் மேல் உட்கார்ந்துவிடுகிறது. புதிதாகத் தட்டியதும் பழைய கோரிக்கையை, அதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் உள்ள அபார்ட்கன்ட்ரோலரால் ரத்துசெய்தேன், தீர்ந்தது.

இன்னொன்று, வாடிக்கையாளர் எழுதும் குறிப்புப் பெட்டி. அதில் எழுதியதையும் இன்னர்எச்டிஎம்எல்லில்தான் கொட்டியிருந்தேன். ஒருவர் 'வெங்காயம் வேண்டாம்' என்பதை ஆங்கிலத்தில், கோண அடைப்புக்குள் (< >) எழுதியிருந்தார். பிரவுசர் அதை எச்டிஎம்எல் டேக், அதாவது பக்கத்தை அமைக்கும் குறி, என்று நினைத்து விழுங்கிவிட்டது. வெங்காயத்தோடே சாப்பாடு போனது. டேக் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதால், தமிழில் எழுதியிருந்தால் அப்படியே தெரிந்திருக்கும்! அதே ஓட்டை வழியாக யாராவது விஷமக் குறியீட்டையும் நுழைத்திருக்கலாம் என்று புரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. ஆட்கள் எழுதுவதெல்லாம் இப்போது எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாகத்தான் போகிறது.

திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் வைத்திருப்பவர்களுக்காக, மொத்தத் தொகை காட்டும் இடத்தில் ஏரியா-லைவ் (aria-live) சேர்த்தேன்; தொகை மாறினால் அது படித்துச் சொல்லும். ஒரே வரி, முதல் நாளே போட்டிருக்கலாம்.

இன்றுவரை முழுதாகச் சரியாகாதது பின்செல்லும் பொத்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் பிரவுசர் வரலாற்றில் பதிக்கும் புஷ்ஸ்டேட் போட்டபிறகு முந்தைய பட்டியல் திரும்புகிறது, ஆனால் சில போன்களில் பக்கம் உச்சிக்குத் தாவிவிடுகிறது. பலகாரப் பட்டியல்தான் நீளம். அதிரசம் வரை இறங்கிப் போனவர்கள் மறுபடி முதலிலிருந்து உருட்ட வேண்டியிருக்கிறது. தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் முடித்துத் தருவதாக அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். போன வருடமும் அப்படித்தான் சொன்னேன்.